வலவன் கை அற்றது

வள்ளூர்ச் சாலையின் ஓரத்தே, சீமைக்கருவேலம் கதவளவு வளர்ந்து மூடிய மேட்டில், முன்கண்ணாடி இழந்து, முகவிளக்கு இழந்து, ஆறு சக்கரமும் இழந்து, நான்கு கருங்கற்களின்மேல் முழந்தாள் ஊன்றிய முதுகளிறு போல ஒரு லாரி நிற்கிறது. தொலைவில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி வானத்தைத் துளைத்து நிற்கிறது. காலடியில் நிலக்கரிப் பொடியும் சாம்பலும் மழைநீரில் கலந்து சேறாய்க் கிடக்கின்றன. கண்ணெதிரே கன்டெய்னர் சுமந்த புதுவண்டிகள் நாளெல்லாம் நிரைநிரையாய் நகர்கின்றன. எஞ்சினை எடுத்துப் போனார்கள். கியர் பெட்டியை எடுத்துப் போனார்கள். இருக்கையின் பஞ்சை அணில் எடுத்துப் போனது. எவரும் எடுக்க எண்ணாத ஒன்று மட்டும் உள்ளே எஞ்சியது. அதன்பொருட்டே இவ்விடத்து நிற்கிறோம். துறைமுகத்துக்கு விரைவோரே, மீஞ்சூர்ப் பேருந்துக்குக் காத்திருப்போரே, சற்றே உடன் நில்லுங்கள்.

ஸ்டியரிங் இருந்த இடத்துக்கு அருகே, டேஷ்போர்டின் துருத்தகட்டில், நாவற்கனி அளவினதாய், நாவற்கனி நிறத்ததாய் ஒரு குமிழ். இழுத்தால் எஞ்சின் உரக்கும். தள்ளினால் எஞ்சின் அடங்கும். விட்டால், விட்ட இடத்திலேயே நிற்கும். கையேடுகள் அதனை ஹேண்ட் த்ராட்டில் என்றன. டிரைவர்மார் ஹேண்ட் ஆக்சிலேட்டர் என்றனர். கிளீனர் பிள்ளைகளோ எல்லாவற்றையும் ‘ரேஸ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினர். குமிழின் பின்னே ஒரு கம்பி. கம்பியைச் சுற்றி ஒரு சுருள் உறை. மறுமுனையில், பெட்ரோல் வண்டியாயின் கார்புரேட்டரின் நெம்புகோல், டீசல் வண்டியாயின் எரிபொருள் பம்பின் நெம்புகோல். கால்மிதியும் சென்று தொடுவது அதே நெம்புகோலைத்தான். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருந்தது: கை வகுத்த எல்லைக்கு மேலே கால் ஏற்றலாம், கை வகுத்த எல்லைக்குக் கீழே கால் இறக்கலாகாது. மிதியின் அடியில் ஒரு சுருள்வில் உண்டு. காலை எடுத்தால் கட்டளையும் எடுபட்டுப் போகும். குமிழுக்கு வில் இல்லை. உறையின் உராய்வே அதனைத் தாங்கும். சில வண்டிகளில் ஒரு திருகுப் பூட்டு தாங்கும். வைத்தவன் இறங்கிப் போனபின்னும் வைத்தவன் சொல் வண்டியில் இருக்கும். கைப்பிரேக்கும் அவ்வாறே நிற்குமே எனலாம். நிற்கும், ஆயின் அது ‘அசையாதே’ என்னும் சொல். ‘நான் வரும் வரை மூச்சு விடு’ என்னும் சொல்லைக் காத்தது இந்தக் குமிழ் ஒன்றே.

அந்தச் சொல் அவிந்தது. வலவன் கை அற்றது.

இழப்பின் உச்சிக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் கையறுநிலை. தொல்காப்பியர் அதனைப் புறத்திணையுள் வைத்தார். புலவர் அதனைப் புரவலர் மாய்ந்த நாளில் பாடினர். பறம்பின் கோமான் பாரி பட்டபோது கபிலர் கையற்றுப் புலம்பினார். அங்கே கை என்பதற்குச் செயல் என்றும் ஒழுக்கம் என்றும் பொருள் காண்பர் அறிந்தோர். இந்த லாரியின் முன் நிற்கையில், அறிந்தோர் உரையை ஒருபால் ஒதுக்கி, அச்சொல்லை வெறும் பொருளிலேயே கேட்க நெஞ்சு துணிகிறது. கை, அது அற்றது. ஐந்து விரலும் மசகெண்ணெய் படிந்து, நகக்கண்ணில் கரி ஏறி, உள்ளங்கையில் ஸ்டியரிங்கின் தழும்பு வாங்கிய கை.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. அன்றுவரை அத்தேரைச் செலுத்திய வலவனை யார் நினைக்கின்றனர்? தேர் கொடியின் பந்தராய் நின்றுபோன அந்தி வேளையில், வெறுங்கையோடு மலை ஏறிய அவனை யார் கண்டனர்? தேரோட்டியை வலவன் என்றும், அவன் கையில் இறுகி நெகிழும் கடிவாள வாரை வள்பு என்றும் அழைத்தது நம் மொழி. குதிரையின் வாய் நோகாத அளவுக்கு வள்பு இறுகும். குதிரையின் மூச்சு முட்டாத அளவுக்கு வள்பு நெகிழும். குமிழின் பின்னே ஓடிய கம்பியும் ஒரு வள்பு. வள்ளூர் என்று இவ்வூர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லுந்தோறும் அந்த வள்பு என் செவியில் ஒலிக்கிறது. சொற்பிறப்பு நூலார் சினவற்க. இது செவியின் மயக்கம், ஆராய்ச்சியன்று.

தொன்மை உடையது இந்தக் கை. 1908இல் தோன்றி 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாய்ப் பெருகிய ஃபோர்டு மாடல் டி வண்டியில் எஞ்சினை முடுக்கக் கால்மிதியே கிடையாது. ஸ்டியரிங் தண்டின் வலப்புறத்து நெம்புகோலே வேகம். கீழே இருந்த மூன்று மிதியும் கியருக்கும் பின்செலவுக்கும் பிரேக்குக்கும் உரியன. கால் பின்னே வந்த விருந்தாளி. விருந்தாளி வீட்டைக் கைக்கொண்ட காலத்தும் வீட்டுக்குரியவனுக்கு ஒரு திண்ணையை விட்டுவைத்தனர். அத்திண்ணையே டேஷ்போர்டுக் குமிழ். 1947 முதல் 1955 வரை வந்த செவ்ரோலே பிக்கப் வண்டிகளில் சோக் குமிழும் இந்தக் குமிழும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தன. போர்க்களத்தில் பிறந்து பண்ணைக்கு வந்த டாட்ஜ் பவர் வேகனிலும் அது இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட ஜீப்பிலும் இருந்தது. போர் ஓய்ந்தபின் ஜீப், வயலில் நின்றபடியே அறுவை வாளையும் இறைப்பானையும் சுழற்றும் குடியானவன் வண்டியாயிற்று. வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஒரே சீராய் ஓட வேண்டிய அந்தப் பிழைப்புக்குக் காலால் ஆகாது, கையே வேண்டும். அந்த ஜீப்பை மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கியபோது குமிழும் இந்நாட்டில் குடிபுகுந்தது.

இக்கரையிலோ, 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை எழுப்பியது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு லேலண்டோடு கூடி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்டது. கடல் ஒருபுறம் கழி ஒருபுறம் சூழ்ந்த அந்த மண்ணிலிருந்து காமெட் என்றும் டைகர் என்றும் ஹிப்போ என்றும், விண்ணின் வால்மீனும் காட்டின் புலியும் ஆற்றின் நீர்யானையும் தம் பெயரை ஈந்த வண்டிகள் வாயில் கடந்து சென்றன. நால்வகைப் படையும் புறப்பட்ட மூதூர் வாயில் இதனினும் பெரிதாய் முழங்கியிருக்குமோ?

அக்கை ஆற்றிய தொழிலைக் கேண்மின்.

மார்கழி விடியலில், எஞ்சின் குளிரில் நடுங்கி, பிடித்துப் பிடித்து அணையும் வேளையில், குமிழ் இரண்டு விரற்கடை வெளியே வரும், நடுக்கம் தணியும், டிரைவர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்ப்பார், கிளீனர் கண்ணாடி துடைப்பான், எஞ்சின் தானே தன் உடலைச் சூடேற்றிக்கொள்ளும். காற்றழுத்த பிரேக் உடைய வண்டிக்கு, தொட்டியில் காற்று நிறையும் வரை நகர்வு இல்லை. இரவெல்லாம் கசிந்த காற்றைக் கம்ப்ரெஸர் மீட்டு நிரப்பும் வரை, ‘ஏர் ஏறட்டும்’ என்ற ஒரு சொல்லோடு குமிழ் இழுபட்டு நிற்கும், டீக்கடையில் ஒரு கிளாஸ் தீரும். டிப்பரின் தொட்டி மண்ணோடு மேலெழ, எஞ்சினின் ஆற்றலைப் பி.டி.ஓ. என்னும் ஆற்றல் பிரிப்பான் வழியே நீர்மப் பம்புக்குத் திருப்பிவிட்டு, குமிழைச் சிறிது சிறிதாய் இழுத்து, இழுத்த கை வெளியே எட்டிப் பின்கதவைப் பார்க்கும் கண்ணுக்கு ஒப்ப ஏறியும் இறங்கியும் பேசும்.

மீஞ்சூர்த் தண்ணீர் லாரிகளை எவ்வாறு மறப்பது? சென்னையின் தாகத்துக்குத் தன் நிலத்தடி நீரை ஈந்து ஈந்து, ஈந்த வெறுமையில் கடல்நீர் புகுந்துவிட்ட நிலம் அது. பாரியின் கொடைக்கு நேர்ந்தது அந்த நிலத்துக்கும் நேர்ந்தது. அங்கே நிறைத்து வந்த நீரைப் பெருநகரத்தின் மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமாயின் வண்டியின் எஞ்சினே பம்பைச் சுழற்ற வேண்டும். டிரைவர் குமிழை வைத்துவிட்டு இறங்கிக் குழாயின் வாயைப் பிடிப்பார். மேலே நீர் ஏறும்தோறும் எஞ்சினின் குரல் தாழும். தாழ்ந்த மாத்திரத்தில் பம்பினுள் சுழலும் இரும்பெடைகள் சுருங்கி இன்னுங்கொஞ்சம் டீசலைக் கேட்டு வாங்கும், குரல் மீளும். கவர்னர் என்னும் அந்தச் சிற்றுறுப்பு கை இட்ட வேலையைக் காத்தது. கை ஒருமுறை சொல்லிற்று. இரும்பு அதனை ஓயாமல் ஓதிற்று.

இன்று வள்ளூரின் சாம்பலைச் சிமென்ட் ஆலைகளுக்குச் சுமக்கும் பல்கர் வண்டிகளும் சென்ற இடத்தில் கம்ப்ரெஸரை ஓட்டிக் காற்றால் சாம்பலைத் தள்ளியே இறக்குகின்றன. வேலை அதே வேலை. அதன் அளவை வைப்பது வேறு.

அளவு என்றேனே, அதுதான் அழுகையின் நடுவிடம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் அந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் இல்லை. செவியே முள். பாய்லரின் மூச்சையும் பறையின் தோலையும் அறியும் செவி போல, ஒவ்வொரு டிரைவரின் செவியும் தன் வண்டியின் தளர்வையும் தவிப்பையும் தனியே அறிந்திருந்தது. குமிழை இழுப்பார், தலையைச் சாய்ப்பார், நூலிழை தள்ளுவார், இன்னும் ஒரு நூலிழை, பிறகு கையை எடுப்பார். அந்தக் கை எடுபடும் கணத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பு. ஒரு வண்டிக்கு எழுதியது இன்னொரு வண்டிக்குப் பொருந்தாத தீர்ப்பு. காலையில் எழுதியது நண்பகலில் செல்லாத தீர்ப்பு. ஆசான் அதனைக் கிளீனருக்கு வாயால் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்தார். வேண்டுமளவு நாள் உட்கார வைத்தார்.

புகழ் மட்டும் பாடுவது இரங்கலாகாது, பிழையையும் சொல்லிவிடுவோம். இந்தக் குமிழ் கொன்றதும் உண்டு. இழுத்ததை மறந்து கியரில் போட்டவனை வண்டி கேளாமல் இழுத்துச் சென்றது. துருப்பிடித்த கம்பி உறைக்குள் சிக்கியபோது காலை எடுத்தும் எஞ்சின் அடங்கவில்லை. நெடுஞ்சாலையில் கால்வலிக்கு மாற்றாகக் குமிழை இழுத்துவிட்டுச் சாய்ந்து அமர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் குறுக்கே வந்த ஆட்டுக்கும் ஆளுக்கும் அரை நொடி குறைந்தது. சொல் காக்கும் பொருள், சொன்னவன் பிழைத்தாலும் சொல்லைக் காத்தது. அதன் பெருமையும் கொடுமையும் ஒரே இடத்தில் இருந்தன.

புகையும் உண்டு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் பிறந்த பிள்ளைகளின் நெஞ்சுக்குள் நின்ற கரும்புகையில் அப்பழைய பம்புகளின் பங்கு சிறிதன்று. ஆதலின் சென்னையில் 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி வந்ததும், அது 2017இல் நாடெங்கும் விரிந்ததும், 2020 ஏப்ரல் 1இல் பாரத் ஸ்டேஜ் 6 முழுதாய் ஆட்சி ஏறியதும் தீங்கென்று யான் சொல்லேன். டீசலின் ஒவ்வொரு துளியையும் எப்போது, எத்தனை, எவ்வளவு அழுத்தத்தில் விடுவதென்று கணினி கணக்கிட வேண்டியதாயிற்று. கணக்கிடும் கணினிக்குக் கம்பியின் இழுப்புப் புரியாது. கால்மிதியும் இன்று எஞ்சினைத் தொடுவதில்லை. மிதியின் அடியில் இருக்கும் உணர்வி ஒன்று இவ்வளவு மிதித்தான் என்று மின்னழுத்தமாய்ச் சொல்லி அனுப்புகிறது. கணினி கேட்டு, தன் விதிகளோடு ஒத்திட்டு, தக்கதெனக் கண்ட அளவை எஞ்சினுக்கு அருளுகிறது. கட்டளை விண்ணப்பமாயிற்று. பி.டி.ஓ. வேலைக்கு ஸ்டியரிங்கின் அருகே ஒரு சுவிட்ச். அமுக்கினால் எங்கோ ஓர் ஊரில் எவரோ எழுதிவைத்த எண்ணுக்கு எஞ்சின் ஏறி நிற்கிறது. குளிர்ந்த விடியலைக் கணினி தானே உணர்ந்து தானே வேகம் கூட்டித் தானே குறைக்கிறது. யாவும் செம்மை. யாவும் சீர். வலவன் கை மட்டும் அற்றது.

அற்ற கை இது ஒன்றுதானோ, இவ்வடசென்னையில்? சென்னைத் துறைமுகத்தில் மூட்டையைக் கொக்கியால் குத்தித் தோளில் சரித்த கை, 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தபின் மெல்ல மெல்லக் கொக்கியைக் கீழே வைத்தது. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் தறியில் அறுந்த இழையை ஓடும்போதே முடிந்த கை, 1996இல் ஆலைக் கதவோடு மூடிக்கொண்டது. 1970 முதல் ஊருக்கு ஒளி ஊட்டிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் வால்வுகளைத் திருகிய கை, 2017இல் கடைசித் திருகைத் திருகிவிட்டு வீடு சென்றது. கழிமுகத்தில் இறங்கி, சேற்றைத் துழாவி, கண்ணால் காணாத இறாலை விரலால் கண்ட கை, சாம்பல் படிந்த அடிநிலத்தில் இன்று துழாவித் துழாவி வெறிதே மீள்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் அற்றது. சில அறங்கருதி, சில ஆதாயங்கருதி, சில எவரும் கருதாமலேயே. யுகம் ஒன்று சாய்கையில் முழங்கிச் சாய்வதில்லை போலும். விரல் விரலாய் விடுகிறது.

முற்றும் மாய்ந்ததென்றும் சொல்வதற்கில்லை. செம்பியத்து டாஃபே ஆலையின் வழி வந்த டிராக்டர்களில் அக்கை இன்னும் வாழ்கிறது; ஏர் பிடித்த நிலத்துக்கு ஒரே சீரான வேகம் வேண்டுமாதலால் உழவன் கைநெம்பை வைத்துவிட்டுச் சாலைப் பார்க்கிறான், அதாவது உழுசாலை. காசிமேட்டு விசைப்படகுகளில், லாரிக்குப் பிறந்து கடலுக்கு வாழ்க்கைப்பட்ட எஞ்சின்களின் தலைமாட்டில், படகைச் செலுத்தும் ஸ்ராங்கின் கை அலையின் ஏற்றத்துக்கு ஏற்பவும் வலையின் இழுப்புக்கு ஏற்பவும் விசையைக் கூட்டிக் குறைக்கிறது. திருவொற்றியூரில் 1950களில் பிறக்கத் தொடங்கிய புல்லட்டின் வலக்கைப் பிடியும் கைவிசையே. ஆயினும் அதனை மீட்டிழுக்க ஒரு வில் இருக்கிறது, விட்டால் திரும்பிவிடும். அது உறவுதான், உடன்பிறப்பன்று.

நிலத்தில் ஓடும் சுமைவண்டியில்தான் அது மாய்ந்தது. மாய்ந்தபோது பறை முழங்கவில்லை, நடுகல் நாட்டவில்லை, பீலி சூட்டவில்லை. எந்த வண்டியோடு கடைசியாய்ப் போயிற்று என்று எவரும் குறிக்கவில்லை. புதுப்பேட்டையின் உதிரிக் கடைகளில், எஞ்சின் ஒரு விலைக்கும் கியர் பெட்டி ஒரு விலைக்கும் டயர் ஒரு விலைக்கும் பேசப்பட்ட இடத்தில், இந்தக் குமிழும் கம்பியும் பேச்சில் வராமல் எடைத்தட்டின் பழைய இரும்போடு இரும்பாய் ஏறின. ஒரு தலைமுறையின் செவியும் விரலும் எத்தனை கிலோ?

சாலையில் வரிசை நகரத் தொடங்கிவிட்டது. காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் செல்லும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் உறுமாமல் எழுந்து, குலுங்காமல் ஊர்கின்றன. உள்ளே இளைய டிரைவர்கள், குளிர்காற்றில், கண்ணாடி ஏற்றி. அவர்கள் மீது குறை இல்லை. கையில்லாமல் பிறந்தவர்க்குக் கை நோவதில்லை.

மேட்டின்மேல் ஏறி, கருவேலத்தை விலக்கி, கதவு இருந்த இடத்தின் வழியே உள்ளே புகுந்தேன். இருக்கையின் இரும்புச்சட்டத்தில் அமர்ந்தேன். ஸ்டியரிங் இல்லை. மிதிகள் இருந்த துளைகளின் வழியே புல் எழுந்திருந்தது. குமிழ் இருந்தது. அதன் கம்பி தகட்டைத் துளைத்துப் போய், எஞ்சின் இருந்த வெறுமையில், எதையும் தொடாமல், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு விரலால் பற்றி இழுத்தேன். துரு முனகியது, பிறகு வந்தது, இரண்டு விரற்கடை. கையை எடுத்தேன்.

நின்றது.